'ரொம்ப'வும் 'நெம்ப'வும்

'மிக' என்னும் பொருளில் தமிழர் நாவில் நாள்தோறும் புழங்குவது 'ரொம்ப' என்னும் சொல். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் இதுவே 'நெம்ப' என்றும், சிலர் வாயில் 'நொம்ப' என்றும் ஒலிக்கும். "நெம்ப நாளாச்சுங்க" எனும் மாணவனை வெளியூர்த் தோழர் நகைப்பதும், அவன் நாணி 'ரொம்ப'வுக்கு மாறுவதும் கல்லூரிகளில் காணும் காட்சி. அந்நகைப்புக்கு இலக்கணத்தில் இடமுண்டா என ஆராய்தல் தகும்.

இரண்டிற்கும் தாய், நிரம்பு என்னும் வினையடியாகப் பிறந்த 'நிரம்ப' என்னும் செயவென் எச்சமே. நிலம் 'நெலம்' எனவும் விலை 'வெலை' எனவும் ஆதல்போல, நிரம்ப 'நெரம்ப' ஆயிற்று. பின்னர்ப் பொதுவழக்கு முதலெழுத்தை உதறி 'ரொம்ப' எனத் திரிந்தது. கொங்கு வழக்கோ இடைநின்ற ரகரத்தை விடுத்து 'நெம்ப' என நின்றது. ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியத்தால் பெறப்படும். இராமன், இராவுத்தர் என இகரம் முன்னிட்டு எழுதுவது அதனாலேயே. ('இரொம்ப' என்று எழுதியவரை யாம் கண்டதில்லை!) ஆகவே மொழிமுதல் மரபைக் காத்தது நகைப்புக்கு ஆளான கொங்குச் சொல்லே.

குளம் நிறைந்தால் "கொளம் நெம்பிருச்சு" என்பர் நொய்யற் கரையினர். தாய்வினையும் அதன் வழிவந்த அடையும் ஒரே உருவில் இங்கு வாழ்கின்றன. நெம்புகோலின் 'நெம்பு' வேறு, மயங்கற்க.

மிகுதி உணர்த்தும் உரிச்சொற்களாக உறு, தவ, நனி என்பவற்றைத் தொல்காப்பியம் கூறும். சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து நன்னூல் ஆறாக்கும். இன்று அவை மேடைகளில் அரிதாகத் தலைகாட்டுகின்றன. அன்றாடம் நிலைத்தவை மிக, நிரம்ப என்னும் வினைவழிச் சொற்களே. ஆங்கிலத்தின் 'வெரி'க்கு முதற்பொருள் 'உண்மையான' என்பது. பழைய பிரெஞ்சு வழியே வந்த அதன் வேர், இலத்தீனில் உண்மை குறிக்கும் 'வேரஸ்'. அரபியின் 'ஜித்தன்', ஊன்றிய முனைப்பைக் குறிக்கும் 'ஜித்து' என்பதன் வழியது. தமிழனோ குடம் நிறைவதைக் கொண்டு மிகுதியை அளந்தான்.

செயவென் எச்சத்தின்பின் வல்லினம் மிகும். ஆதலின் 'மிகப் பெரிது' போல 'ரொம்பப் பெரிது', 'நெம்பத் தூரம்' என ஒற்றிட்டு எழுதுவதே முறை. 'ரொம்ப பெரிய' என அச்சிடுவோர் அச்சொல்லின் பிறப்பை அறியாதோர். கட்டுரைக்கு மிக, நிரம்ப என்பனவே ஏற்றவை. ஆயினும், 1942-இல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' புதினத்தில் கொங்குப் பேச்சை இலக்கியமாக்கிய பின்னும், மாணவர் எழுதும் சிறுகதையின் உரையாடலில் வரும் 'நெம்ப'வை ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பது என்ன நியாயம்?