வருஷத்துக்கு ஒரு சாகசம்: கரிசல் காட்டில் கதை விளையாட முழுமையான வழிகாட்டி

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு மாயக்கதையை வளர்க்கும் விளையாட்டு, 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியாகப் பரவியது. புதிதாக ஆட வருகிறவர்கள் இரண்டு இடத்தில் திணறுகிறார்கள். கதை சண்டை மேல் சண்டையாக ஓடி அலுத்துவிடுகிறது. பாத்திரங்களுக்கு வாளும் கேடயமும் இருக்கும், குணம் இருக்காது. இரண்டுக்கும் சேர்த்து வழி சொன்னது கிரெக் ஸ்டாஃபோர்டு 1985இல் உருவாக்கிய ‘பென்டிராகன்’. ஆர்தர் மன்னர் கதைக்காக எழுதிய அந்த விதிகளை இடைசெவல் பக்கத்துக் கரிசலில் வைத்து ஆடுவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

களத்தைத் தேர்ந்தெடுங்கள்

கோவில்பட்டிக்குத் தெற்கே, கயத்தாறு போகிற வழியில் இருக்கிறது இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ஆந்திரத்திலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் காட்டைத் திருத்தி ஊராக்கியதைச் சொல்லும் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலை எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள். அதிலுள்ள ஆட்களை எடுக்க வேண்டாம். உங்கள் ஆட்களை நீங்களே உண்டாக்குங்கள். மாயத்துக்கு டிராகன் தேவையே இல்லை. உச்சிவெயிலில் ஒற்றைப் பனையடியில் நிற்கும் முனி போதும்.

வருஷத்தைப் பிரியுங்கள்

பென்டிராகனில் ஒரு வருஷத்துக்கு ஒரு சாகசம் என்பது வழக்கம். பிறகு ‘குளிர்காலக் கட்டம்’: வீரர்கள் வீட்டிலிருந்து வரவு செலவு, குடும்பம், குதிரை, வயது எல்லாவற்றுக்கும் பகடை உருட்டுவார்கள். நமக்கு அந்த ஓய்வு கோடையில். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தையிலும் மாசியிலும் அறுவடை. அதன்பின் பருத்தி எடுப்பு. அது முடிந்து நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மாதங்கள்தான் கணக்குப் பார்க்கும் காலம். குதிரைக்குப் பதில் உழவு மாட்டுக்கு உருட்டுங்கள். கோடை கழிந்து முதல் ஏர் பூட்டியதும் அடுத்த வருஷம் தொடங்கட்டும்.

மானாவாரி மண் என்பதால் நான் ஒரு விதி சேர்ப்பேன்: விதைப்புக்கு முன் ஆறுமுகப் பகடை ஒன்று. 1, 2 விழுந்தால் மழை பொய்த்தது. 6 என்றால் அடைமழை. நனைந்த கரிசல் காலில் அப்பி ஒவ்வொரு அடியும் கனக்கும், வண்டிச் சக்கரம் புதையும், பயணத்துக்கு இரட்டிப்பு நேரம். அந்த வருஷம் என்ன சாகசம் என்பதைப் பாதி இந்தப் பகடையே சொல்லிவிடும்.

குணங்களை எழுதுங்கள்

பென்டிராகனில் எதிரெதிர்க் குணங்கள் பதின்மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. புதியவர்களுக்கு ஐந்து போதும்: கொடை–சுயநலம், மன்னிப்பு–வன்மம், வீரம்–கோழைத்தனம், சுறுசுறுப்பு–சோம்பல், அடக்கம்–செருக்கு. ஒரு குணம் 16ஐத் தொட்டால் அது ஊரறிந்த குணம். அதைச் சோதிக்கும் நேரம் வந்தால் உருட்டியே ஆக வேண்டும்.

பகடையை உருட்டுங்கள்

ஒரு வண்டிக்காரர், வன்மம் 16, மன்னிப்பு 4. போன வருஷம் அவருடைய பருத்திப் பொதியைக் களவாண்டவன் கை கட்டப்பட்டு நிற்கிறான், தண்ணீர் கேட்கிறான். இருபதுமுகப் பகடை 16க்குள் விழுந்தால் வன்மம் வெல்லும். 18 விழுகிறது. இப்போது எதிர்க்குணத்துக்கு உருட்ட வேண்டும்: 3. நாலுக்குள் வந்துவிட்டது; தண்ணீர் கொடுக்கிறார். இரண்டும் தவறியிருந்தால் முடிவு ஆடுகிறவர் கையில்.

கதை நடத்துபவர் மன்னிப்புக்கு எதிரே ஒரு குறி இடுகிறார். கோடையில் அந்தக் குறிக்கு மறுபடி உருட்டல். 4க்கு மேல் விழுந்தால் மன்னிப்பு 5, வன்மம் 15. ஊர் அவரைப் பார்த்துப் பயந்த பெயர் அதோடு போயிற்று.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பிலும் குணம், லட்சியம், பந்தம், குறை என்று எழுதச் சொன்னார்கள். அங்கே அதன்படி நடிப்பது ஆடுகிறவர் விருப்பம். நன்றாக நடித்தால் பகடையில் ஒரு சலுகை. நடிப்பில் கூச்சப்படும் புதியவருக்குப் பென்டிராகன் முறையே எளிது, ஏனென்றால் முதல் தள்ளலைப் பகடை தருகிறது.

முதல் அமர்வு

மூன்று மணி நேரம், மூன்று காட்சி, ஒரு வருஷம். கடைசி அரை மணியைக் கோடைக்கு ஒதுக்குங்கள். நேரமாகிவிட்டது என்று அதைத் தள்ளிப்போட்டால் குணம் மாறுவதற்கு இடமே இருக்காது. பாத்திரத்துக்கு வயது 35 தாண்டினால் கோடைதோறும் முதுமைக்கும் உருட்ட வேண்டும். அவருக்குப் பின் கதையைத் தொடர ஆள் வேண்டும். அதனால் மகன், மகள், மருமகன் பெயர்களை இரண்டாவது அமர்விலேயே தாளின் பின்பக்கம் எழுதத் தொடங்குங்கள்.