டைமிங் பெல்ட்: வீட்டுப் பராமரிப்பும் சிக்கனமும்

மூலதனம் அரிதாயுள்ள நாட்டில், வாங்கிய பொறியை நெடுங்காலம் பழுதின்றி உழைக்கச் செய்வதும் ஒருவகைச் சேமிப்பேயாகும். பெரிய ஆலைகளுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, நடுத்தரக் குடும்பத்தின் பழைய காருக்கும், கடன் பெற்று டாக்சி ஓட்டுபவரின் வாகனத்துக்கும் பொருந்தும். மலிவான பெல்ட் ஒன்றை உரிய காலத்தில் மாற்றாவிடில், எஞ்சினே பாழாக நேரலாம்.

பெல்ட்டின் பணி

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பதே பற்கள் கொண்ட டைமிங் பெல்ட். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் இம்முறை புகுந்தது. நம் நாட்டின் அம்பாசடரிலும் பிரிமியர் பத்மினியிலும் சங்கிலியே இருந்தது. 1983 டிசம்பரில் அறிமுகமாகி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, பெல்ட்டைப் பரவலாக்கியது.

இந்தியாவில் இயற்கை ரப்பரை மிகுதியாக விளைவிக்கும் மாநிலம் கேரளம். எனினும் வெப்பத்தையும் எண்ணெயையும் இயற்கை ரப்பர் தாங்காது. ஆகவே கண்ணாடி இழை பொதிந்த செயற்கை ரப்பராலேயே இப்பெல்ட் செய்யப்படுகிறது. அதுவும் காலப்போக்கில் தளரும். பெல்ட் அறுந்தால், சிலவகை எஞ்சின்களில் பிஸ்டன் திறந்த வால்வுகளின்மீது மோதி அவற்றை வளைத்துவிடும். எனவே, கையேடு கூறும் தூரமோ ஆண்டுகளோ எது முந்துகிறதோ, அப்போதே மாற்றுதல் வேண்டும்.

செய்முறை

எஞ்சின் நன்கு ஆறியபின், பாட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுக. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது எளிது. வெளிப் பெல்ட்டையும் கிராங்க் கப்பியையும் மூடியையும் நீக்கியபின், கிராங்க் தண்டை அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே திருப்பி, இரு பற்சக்கரங்களின் குறிகளையும் கையேட்டில் உள்ளவாறு பொருத்துக. பின்னரே டென்ஷனரைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை எடுக்கவேண்டும். அதன்பின் தண்டுகள் அசையலாகாது.

எண்ணெய்க் கசிவு இருப்பின் முதலில் அதைச் சரிசெய்க. டென்ஷனரின் பேரிங் இரைந்தால் அதையும் மாற்றுக. புதிய பெல்ட்டை மடிக்கலாகாது. அம்புக்குறி சுழலும் திசையை நோக்கவேண்டும். தளர்ச்சி முழுதும் டென்ஷனர் உள்ள பக்கத்திலேயே அமையவேண்டும். இறுக்கியபின் கிராங்க் தண்டைக் கையால் இரு முழுச் சுற்றுத் திருப்பிக் குறிகளைச் சரிபார்க்கவும். இடையில் தடை தோன்றினால் அக்கணமே நிறுத்திவிடவேண்டும்.

ஓர் அனுபவம்

மட்டாஞ்சேரியில் பணி நிமித்தம் குடியிருந்தபோது, இக்கட்டுரையாளர் தம் பழைய காருக்கு இவ்வேலையை வீட்டு முற்றத்தில் செய்தார். உப்புக் காற்றில் துருவேறிய கப்பி போல்ட்டைக் கழற்றவே அரைநாள் சென்றது. பெல்ட்டை மாட்டி இருமுறை சுற்றியதும் குறி ஒரு பல் விலகி நின்றது. தளர்ச்சியை எதிர்ப்பக்கத்தில் விட்டதே காரணம். மீண்டும் கழற்றிப் பொருத்த இரவாயிற்று. அச்சோதனையைத் தவிர்த்துச் சாவியைத் திருப்பியிருந்தால், மிச்சப்படுத்திய கூலியைப்போலப் பன்மடங்கு இழக்க நேர்ந்திருக்கும்.

முடிவுரை

வீட்டில் செய்வது எல்லார்க்கும் சிக்கனம் ஆகாது. டார்க் ஸ்பேனரும் கையேடும் பொறுமையும் இல்லாதவர், பயின்ற மெக்கானிக்கிடம் விடுவதே நலம். அவருக்கு அளிக்கும் கூலி திறமைக்குரிய விலையாகும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும், தொழிற்பயிற்சி நிலையங்களும் இத்திறமையை வளர்க்கவே ஏற்பட்டன. பட்டறையில் கைப்பழக்கமாகக் கற்றவரின் தேர்ச்சிக்குச் சான்று வழங்க, 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடமளிக்கப்பட்டது. எவர் மாற்றினும், மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் எழுதி வைத்தல் வேண்டும். அடுத்த முறை பெல்ட் அறுமுன் நினைவூட்டுவது அக்குறிப்பேயாகும்.