நிலமும் ஈடும்

நுழையும்முன்

சாலைக்கும் தொடர்வண்டிப் பாதைக்கும் தொழிற்பூங்காவுக்கும் நிலம் வேண்டும். அந்நிலம் யாரோ ஒருவருடைய காடாகவோ கிணற்றடியாகவோ ஆலை வளாகமாகவோ இருக்கிறது. அதனை அரசு எடுக்கும்போது உரியவருக்குத் தரப்படும் இழப்பீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது? அக்கணக்கில் எது சேர்கிறது, எது விடுபடுகிறது? விருதுநகர் மாவட்டத்து மண்ணை முன்வைத்து இப்பாடம் அவ்வினாக்களை ஆராய்கிறது.

கரிசலும் ஆலையும்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மானாவாரிப் புன்செய் அது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளில் கண்மாயும் கிணறும் சார்ந்த நன்செய் உண்டு. இடையில் உள்ள சிவகாசிக்கு அந்த நீர்வளமும் வாய்க்கவில்லை. ஆயினும் உழவுக்குக் கேடான அதே வறண்ட வானிலை, மருந்தையும் தாளையும் உலர்த்துவதற்குத் துணையாயிற்று. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் அம்மண்ணில் வேரூன்றின.

பட்டாசு ஆலையை முதன்முறையாகக் காண்பவர், அங்கே கட்டடத்தைவிட வெற்றிடமே மிகுதி என்று எண்ணுவர். சிறுசிறு அறைகள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும், இடையில் வெறுந்தரை. வேலிக்கும் அறைக்கும் நடுவிலும் அவ்வாறே. ஓர் அறையில் தீப்பற்றினால் அது அடுத்த அறைக்குத் தாவாமல் காப்பது அந்த வெற்றிடந்தான். வெடிபொருள் விதிகள், 2008, ஆலைக்கும் குடியிருப்பு, பொதுச்சாலை, இருப்புப்பாதை ஆகியவற்றுக்கும் இடையே விடப்பட வேண்டிய பாதுகாப்புத் தொலைவை வரையறுக்கின்றன. அத்தொலைவு குறைந்தால் உரிமமே கேள்விக்குள்ளாகும். இவ்வெற்றிடத்தின் மதிப்பு என்ன என்னும் வினாவுக்கு, நில எடுப்புச் சட்டத்தின் வரலாற்றை அறிந்தபின் மீண்டும் வரலாம்.

வாங்குபவரே விலை கூறிய சட்டம்

மதுரையிலிருந்து விருதுபட்டி, சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தது 1870-களில். விருதுபட்டி என்பது இன்றைய விருதுநகரின் பழைய பெயர். துறைமுகத்துக்குப் பருத்தி விரைந்து செல்ல வேண்டும் என்பது அக்கால அரசின் தேவைகளுள் ஒன்று. இத்தகைய பணிகளுக்கு நிலம் எடுக்க ஆங்கிலேய அரசு 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பல சட்டங்களை இயற்றியது. அவற்றுள் நிலைபெற்றது 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். இந்தியா விடுதலை பெற்ற பின்னும் 66 ஆண்டுகள் அச்சட்டமே ஆட்சி செய்தது.

அதன் நடைமுறை எளியது. நிலம் பொதுநோக்கத்துக்குத் தேவை என்று அரசு அறிவிக்கும். மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தொகையை முடிவு செய்வார். அம்முடிவுக்குத் தீர்வம் என்று பெயர். ஆட்சியரின் தீர்வம் நீதிமன்றத் தீர்ப்பன்று, அரசின் சார்பில் உரிமையாளர் முன் வைக்கப்படும் ஒரு விலைக்கூற்றே என்று 1905இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தெளிவுபடுத்தியது. விலைக்கூற்று என்றால் மறுக்கலாம் அல்லவா? தொகையை மறுத்து நீதிமன்றம் செல்லலாம். நிலத்தைத் தர மறுக்க இயலாது. விற்க விரும்பாதவரிடம் வாங்குவதால், சந்தை மதிப்பின்மேல் நூற்றுக்குப் பதினைந்து ஆறுதல் தொகையாகச் சேர்க்கப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நூற்றுக்கு முப்பதாக உயர்த்தியது.

யாருக்கு ஈடு?

குடியேற்ற ஆட்சி முடிந்த நாடுகளில் இன்னொரு வினாவும் எழுந்தது. அயலாட்சி யாருக்கோ வழங்கிச் சென்ற நில உரிமையைத் திரும்பப் பெறும்போது, அவருக்கும் ஈடு தரவேண்டுமா? சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதியால் நிலைபெற்றவை ஜமீன்கள். சேத்தூர் ஜமீன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. திருச்சுழிப் பகுதி இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்து, உழுதுவந்த குடிகளுக்கு இரயத்துவாரிப் பட்டா வழங்க வழிசெய்தது. ஜமீன்தாருக்கு ஈடு மறுக்கப்படவில்லை. ஆனால் ஏற்றத்தாழ்வுடன் அளக்கப்பட்டது. ஆண்டு வருவாயின் அடிப்படையில் ஒரு தொகை கணக்கிடப்பட்டு, சிறிய ஜமீனுக்கு அதன் முப்பது மடங்கும், மிகப் பெரிய ஜமீனுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டரை மடங்கும் வழங்கப்பட்டன. பெரிய உரிமைக்குச் சிறிய மடங்கு என்பது அக்காலச் சட்டமன்றத்தின் துணிவான முடிவு எனலாம்.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாடு இவ்வினாவுக்கு வேறு விடை கண்டது. 2000ஆம் ஆண்டு முதல் அங்கு வெள்ளையர் பண்ணைகள் கையகப்படுத்தப்பட்டன. 2020இல் அரசு அவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில் 350 கோடி அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டது. அத்தொகை கட்டடம், கிணறு, பாசன அமைப்பு ஆகிய மேம்பாடுகளுக்கு மட்டுமே, மண்ணுக்கு அன்று. மண் குடியேற்றத்தால் பறிக்கப்பட்டது என்பது அந்நாட்டு அரசின் நிலைப்பாடு.

நேரான ஈடு

இந்தியாவில் நீதிமன்றங்கள் வேறொரு நெறியை வளர்த்தன. இழப்பீடு என்பது இழந்ததற்கு நிகரானதாக இருக்க வேண்டும் என்று பேலா பானர்ஜி வழக்கில் 1953இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. சென்னை நகர விரிவாக்கத்துக்கு நெசப்பாக்கத்தில் எடுக்கப்பட்ட நிலம் குறித்த வஜ்ரவேலு முதலியார் வழக்கு 1964இல் முடிவுற்றது. வீட்டுவசதிக்கு எடுக்கும் நிலத்துக்கு மட்டும் குறைந்த இழப்பீடு தர வகைசெய்த சென்னை மாநிலத் திருத்தச் சட்டத்தை, அது சமத்துவத்துக்கு முரண் எனக் கூறி உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. எந்தத் திட்டத்துக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிலத்தின் விலை மாறலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 44ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமை என்னும் நிலையை இழந்து, 300-அ பிரிவின்கீழ் சட்டவழி உரிமையாயிற்று.

1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பதிவுக்கென அரசு குறித்துள்ள மதிப்பு, அண்மையில் உள்ள ஒத்த நிலங்களின் கிரயப் பத்திரங்களில் காணும் சராசரி விலை ஆகியவற்றுள் உயர்ந்தது சந்தை மதிப்பாகக் கொள்ளப்படும். ஊரகப் பகுதியில் அதனை ஒன்று முதல் இரண்டு வரையான ஓர் எண்ணால் பெருக்குவர். கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, வந்த தொகைக்கு நிகராக நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை வழங்குவர். ஏக்கர் 4 இலட்சம் ரூபாய் என்றும் பெருக்கு எண் 1.25 என்றும் வைத்துக்கொண்டால், 5 இலட்சமும் ஆறுதல் தொகை 5 இலட்சமும் ஆக 10 இலட்சம் கிடைக்கும்.

கணக்கு தாராளமாகத் தோன்றுகிறது. இடர் அதன் முதற்படியில் உள்ளது. முத்திரைத் தீர்வையைக் குறைக்கும் பொருட்டுப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நாடறிந்தது. கரிசல் காட்டுக் கிராமங்களிலோ கிரயமே அரிது. தந்தை நிலம் மகனுக்குப் போகுமேயன்றி விற்பனைக்கு வராது. நடந்த சில கிரயங்களும் மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவசரத்தில் விற்றவையாக இருக்கும். அந்த அவசர விலையே ஊர் முழுவதன் சந்தை மதிப்புக்கும் அடிப்படையாகிவிடுகிறது.

ஒரே மண், இரு சட்டங்கள்

மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியாக விரிந்தபோது, நிலம் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டது. 1997இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தில் ஆறுதல் தொகைக்கு இடமில்லை. நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கு ஆறுதல் தொகை இல்லை. அவருடைய நிலத்தை அடுத்த புல எண்ணை, 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேறு பணிக்குக் கொடுத்தவருக்கு அது உண்டு. வஜ்ரவேலு முதலியார் வழக்கில் கண்டிக்கப்பட்ட வேறுபாடு மறுவடிவில் திரும்பியது என்றே இதனைக் கருத வேண்டும். 2019இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை நீக்கி, நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தோருக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்றது. இனிவரும் நில எடுப்புகளுக்கு மட்டுமே இத்தீர்ப்புப் பொருந்த வேண்டும் என்ற நெடுஞ்சாலை ஆணையத்தின் வேண்டுகோள் 2025 பிப்ரவரியில் மறுக்கப்பட்டது.

மாநில நெடுஞ்சாலை, தொழில் வளாகம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டங்கள் உள்ளன. அவற்றின்கீழும் இழப்பீடு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவிலேயே வழங்கப்படுகிறது. ஆயினும் நிலம் எடுக்குமுன் நடத்த வேண்டிய சமூகத் தாக்க ஆய்வு அவற்றுக்குக் கட்டாயமன்று. இச்சட்டங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாதவை என அறிவித்தது. அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் அவற்றுக்கு மீண்டும் உயிரளித்தது. 2021 சூனில் உச்ச நீதிமன்றம் அம்முடிவை ஏற்றது.

வெற்றிடத்தின் விலை

இப்போது பட்டாசு ஆலைக்குத் திரும்பலாம். பத்து ஏக்கர் ஆலையின் ஓரத்தில் அரை ஏக்கரைச் சாலை எடுக்கிறது என்று கொள்வோம். அந்த அரை ஏக்கரில் கட்டடம் இல்லை, பயிர் இல்லை, மரமும் இல்லை. அளக்க வரும் வருவாய்த் துறையினர் தரிசு என்று குறிப்பர். தரிசுக்கு உரிய விலை கிடைக்கும். ஆனால் சாலை அரை ஏக்கர் உள்ளே வந்ததால், ஓரத்து அறைகள் பொதுச்சாலைக்கு அருகில் அமைந்துவிடுகின்றன. பாதுகாப்புத் தொலைவு காக்கப்பட வேண்டுமாயின் அவ்வறைகளை மூட வேண்டும். சாலை தொடாத நிலமும் அங்கே பயனிழக்கிறது.

சட்டம் இதனை அறியாததன்று. எடுத்த நிலத்தை எஞ்சிய நிலத்திலிருந்து பிரிப்பதால் வரும் இழப்பும், எஞ்சிய சொத்துக்கோ உரிமையாளரின் வருவாய்க்கோ நேரும் ஊறும் இழப்பீட்டில் சேர வேண்டும் என்று 1894ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதனை மீண்டும் உரைக்கிறது. நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இவ்வகை இழப்புக்கு இடமுண்டு. 94ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: ஒரு வீட்டையோ உற்பத்திச்சாலையையோ பகுதியாக மட்டும் எடுக்க அரசு முனைந்தால், முழுவதையும் எடுத்துக்கொள்ளுமாறு உரிமையாளர் கோரலாம். எடுக்கப்படும் நிலம் அந்த ஆலையின் முழுமையான, குறைவற்ற பயன்பாட்டுக்குத் தேவையா என்பதே அங்கு ஆராயப்படும். பட்டாசு ஆலையின் வெறுந்தரைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை.

ஆனால் இவ்விழப்பு தானாகக் கணக்கில் ஏறாது. விசாரணை அறிவிப்பு வந்தவுடன் உரிமத்தின் படியையும், ஆலையின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் இணைத்து எழுத்து வடிவில் கோர வேண்டும். தீர்வத் தொகை குறைவு என்று கருதுபவர் அதனை ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதியே வாங்க வேண்டும். அவ்வாறு எழுதாமல் பெற்றவர் பின்னர் தொகையை உயர்த்தக் கோரும் உரிமையை இழப்பார். தீர்வம் வழங்கும்போது நேரில் இருந்தவர், வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புமாறு ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கிராமத்துச் சிறு நிலக்காரருக்கு இடர் பெரும்பாலும் பட்டாவிலேயே தொடங்குகிறது. பாட்டனார் பெயரில் நிற்கும் பட்டா, ஏழெட்டுப் பெயர் கொண்ட கூட்டுப் பட்டா, மணமாகிச் சென்ற மகளின் பெயர் விடுபட்ட வாரிசுச் சான்று ஆகியவற்றால் பங்கு யாருக்கு என்பது முடிவாகாதபோது, தொகை தீர்ப்பாயத்தில் செலுத்தப்பட்டுவிடும். பங்காளிகளின் வழக்கு முடியும்வரை அது அங்கேயே கிடக்கும். சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கியிருக்கும்.

வழக்காட வசதியற்றவருக்கு 73ஆம் பிரிவு ஒரு வழி திறக்கிறது. ஒரே அறிவிக்கையில் அடங்கிய நிலங்களுள் ஒன்றுக்குத் தீர்ப்பாயம் தொகையை உயர்த்தினால், விண்ணப்பிக்காமல் இருந்த அண்டை நிலக்காரரும் மூன்று மாதத்துக்குள் ஆட்சியரிடம் எழுதி அதே அளவில் மறுநிர்ணயம் கோரலாம். அந்த மூன்று மாதம், பக்கத்து நிலத்துக்குத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தீர்ப்பு வந்த செய்தியை ஒருவர் அறிந்த நாளிலிருந்து அன்று.