கறை படிந்த சமையலேடு

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் ஆட்டங்களுள் ஒருவகை, மறைந்த பொருளைத் தேடும் ஆட்டமாகும். திரையில் பழைய மாளிகை ஒன்றின் அறை தோன்றும். நாற்காலி, விளக்கு, பறவைக்கூண்டு, உடைந்த கடிகாரம், கிழிந்த கடிதம் எனப் பற்பல பொருள்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். கீழே பத்துப் பன்னிரண்டு பொருள்களின் பெயர்கள் பட்டியலாக நிற்கும். ஆடுபவர் அப்பொருள்களைப் படத்துள் தேடித் தொட வேண்டும். தொட்டவுடன் பொருள் மறையும். பட்டியலில் அதன் பெயரும் நீங்கும். எல்லாவற்றையும் கண்டுவிட்டால் துப்பு ஒன்று கிடைக்கும். துப்புகளைத் தொடர்ந்து சென்றால், களவு போன நகையின் கதையோ காணாமற்போன மனிதரின் கதையோ மெல்லத் துலங்கும்.

இவ்வாட்டத்தின் வேர் அச்சிட்ட தாளில் இருக்கிறது. இரு படங்களுக்கு இடையே ஆறு வேறுபாடுகளைக் காணச் சொல்லும் வார இதழ்ப் பகுதியைத் தாத்தா பாட்டியர் நன்கு அறிவர். ஆங்கில ஓவியர் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு 1987-இல் வெளியிட்ட 'வேர் இஸ் வாலி' என்னும் படநூலில், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட சட்டை அணிந்த ஒருவன் பெருங்கூட்டத்தினுள் ஒளிந்திருப்பான். இவ்வகையைக் கணினியில் பரவச் செய்த ஆட்டங்களுள் ஒன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பிக் ஃபிஷ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' ஆகும்.

இத்தகைய ஆட்டங்களை ஆடியோர் கூறும் கருத்துகள் பலவாயினும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வினாவைச் சுற்றி வருகின்றன. தேடல் நேர்மையாக அமைந்துள்ளதா என்பதே அவ்வினா. பொருள் கண்ணெதிரே இருந்தும் கவனத்துக்குத் தப்பியிருந்தால், அதைக் கண்டபின் ஆடுபவர் தம்மையே நொந்து சிரிப்பார். இருண்ட மூலையில் கரிய பொருளை வரைந்து மறைத்திருந்தால் அவருக்குச் சிரிப்பு வராது. ஆட்டத்தை ஆக்கியவர்மீது சினமே வரும். ஒரே அறைக்கு மீண்டும் மீண்டும் அனுப்புவதும், கதைக்குத் தொடர்பில்லாத பொருள்களைத் தேடச் சொல்வதும் அடிக்கடி கூறப்படும் குறைகளாகும்.

மற்றொரு குறை மொழியைச் சார்ந்தது. மொழி கற்போர் அதனை ஊன்றி நோக்குதல் தகும். 'பேட்' என்னும் ஆங்கிலச் சொல் மட்டையையும் குறிக்கும், வௌவாலையும் குறிக்கும். பட்டியலில் அச்சொல்லைக் காணும் பிள்ளை எதைத் தேடுவது? உப்பலில் வளர்ந்த பிள்ளையாயின், கிரிக்கெட் அரங்கம் அருகிலேயே இருப்பதால், ஐயமின்றி மட்டையைத்தான் தேடும். வௌவால் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். தமிழில் இத்தகைய ஆட்டம் அமைந்தாலும் இத்தொல்லை நீங்காது. 'கொடி' என்றால் காற்றில் பறப்பதா, பந்தலில் படர்வதா, துணி உலர்த்துவதா? 'மாலை' என்றால் பூமாலையா, அந்திப் பொழுதா?

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறொரு தடையும் உண்டு. உப்பலில் அவர்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்றாகிறது. படத்தில் தேளும் பல்லியும் இருந்தால் இடர் இல்லை. தெலுங்கிலும் அவை ஏறத்தாழ அதே பெயரால் வழங்குகின்றன. பூட்டு அத்தகையதன்று. தெலுங்கில் அதற்குத் 'தாளம்' என்று பெயர். தமிழிலோ தாளம் இசைக்கு உரியது. பூட்டைக் கண் உடனே கண்டுகொள்ளும். அதன் தமிழ்ப்பெயர்தான் நாவுக்கு வராமல் நிற்கும். மறைந்திருப்பது பொருளன்று, சொல்.

மறைந்த சொல்லையே புதிராக்கிய ஆட்டம் ஒன்று உண்டு. அது 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் அதனை ஆக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டனர். குழுவின் தலைவர் அபி, தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். இவ்வாட்டத்தில் கொலையோ களவோ இல்லை, மாளிகையும் இல்லை. ஆயினும் தேடல் உண்டு.

கதை 1988-இல் தொடங்குகிறது. வெண்பா, பாவலன் என்னும் கணவனும் மனைவியும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்து, ஊர் திரும்புவதா தங்குவதா என்று தடுமாறுகின்றனர். வெண்பாவிடம் அவள் தாய் தந்த சமையலேடு ஒன்று இருக்கிறது. அதன் பக்கங்கள் நைந்து, கறை படிந்து, சில வரிகள் அழிந்துபோயின. அழிந்த வரியில் என்ன இருந்திருக்கும் என்று உய்த்துணர்ந்து உணவைச் சமைப்பதே ஆடுபவரின் பணி.

இட்லியை எடுத்துக்கொள்ளலாம். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக வந்தால், பொங்கி எழும் மாவு மேலே இடித்து நசுங்கும். ஆகவே குழிகள் மாறி மாறி அமையுமாறு தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். ஆவியும் தடையின்றிச் செல்லும். புட்டுக்கும் அவ்வாறே ஓர் ஒழுங்கு உண்டு. குழலின் அடியில் துளையிட்ட சிறுதட்டை முதலில் இடாவிட்டால் மாவு பானைக்குள் கொட்டிவிடும். நாள்தோறும் அடுப்பங்கரையில் நிற்பவர்க்கு இவை புதிர்களே அல்ல. ஆனால் ஆயிரம் இட்லி உண்டும் ஒருநாளும் தட்டை அடுக்கிப் பார்க்காத தமிழ்ப் பிள்ளைக்கும், இட்லியையே கண்டிராத அயல்நாட்டவர்க்கும் அவ்விடத்தில் ஒரே நிலைதான். இருவரும் தவறாக அடுக்குவர். இருவரும் மீண்டும் முயல்வர்.

வெண்பாவைப் பற்றிய கருத்துகளில் பாராட்டே மிகுதி. தமிழறியாத பலர், தம் தாயும் வேற்று நாட்டில் இவ்வாறுதான் சமைத்தாள் என்று தம் குடும்பத்தை நினைந்து எழுதினர். தமிழர் பலர், தம் வீட்டுப் பாத்திரங்களையும் தம் திரையிசையின் சாயலையும் ஓர் ஆட்டத்தில் கண்டதே பெரிது என்றனர். 2024-இல் அமெரிக்காவின் இன்டிபென்டென்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் விழாவில் பெரும்பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் அறிமுக ஆட்டத்துக்கான விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன.

குறை கூறியோரும் உளர். ஆட்டம் ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை மணிநேரத்தில் முடிந்துவிடுகிறது. கொடுத்த விலைக்கு இது போதாது என்பது ஒரு குறை. புதிர்கள் மிக எளியன, தவறினாலும் இழப்பில்லை என்பது மற்றொன்று. விருது பெற்ற ஆட்டம் என்பதற்காக இவற்றைப் புறந்தள்ளுதல் முறையாகாது. பணம் கொடுத்து வாங்கியவர் கால அளவைக் கேட்பது நியாயமே. அதேவேளையில், ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வாழ்வை ஒரு மணிநேரத்தில் சொல்லி முடிப்பதும் திறமைதான். நீட்டியிருந்தால் அதே இட்லியைப் பத்து முறை அவிக்க நேர்ந்திருக்கும்! எளிமை பற்றிய குறை சற்று வலியது. சமையல் பகுதிகள் இன்னும் சில இருந்திருப்பின் எவரும் வருந்தியிரார்.

இக்கருத்துகளை ஒப்பிட்டால் ஒன்று புலனாகும். 'நன்று', 'நன்றன்று' என்று மட்டும் எழுதியவரின் கருத்தால் பிறர்க்குப் பயன் சிறிது. 'ஒன்றரை மணியில் முடிந்தது' என்று எழுதியவரின் கருத்தை, அவரோடு முரண்படுபவரும் பயன்கொள்ளலாம். நீண்ட ஆட்டத்தை விரும்புவோர் அதனை விடுவர். மாலைப்பொழுதில் முடிக்க விரும்புவோர் அதனையே தேர்வர்.

புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு நெருக்கமான பகுதி, மகன் கவின் வளர்ந்தபின் வருகிறது. சிறுவயதில் அவன் தாயின் உணவைத் தள்ளினான். தாய் தமிழில் பேச, அவன் ஆங்கிலத்தில் விடை சொன்னான். பின்னொரு நாள் அவனே அச்சமையலேட்டைக் கையிலெடுத்துச் சமைக்க முற்படுகிறான். இப்போது தடை தாளில் படிந்த கறை மட்டுமன்று. எழுத்து தெளிவாக உள்ள இடத்திலும் அவனுக்குத் தமிழ் தடுமாறுகிறது. அவன் தாய்க்கு ஏட்டின் சில வரிகளே அழிந்திருந்தன. அவனுக்கோ, அழியாத வரிகளும் புதிராகவே நிற்கின்றன. தமிழ் படிக்கத் தெரிந்த ஆட்டக்காரர் அவ்விடத்தில் ஏட்டை நோக்கினால், கவினுக்குத் தெரியாதது தமக்குத் தெரிவதை உணர்வார். தெரியாதவர் கவினோடு சேர்ந்து ஊகிப்பார். ஒரே பக்கம் இருவருக்கு இரு வேறு ஆட்டங்களாகிறது. இருவர் கருத்தும் ஒன்றாக இருக்க இயலாது.

சொற்பொருள்

துப்பு – உண்மையை அறிய உதவும் குறிப்பு
துலங்கும் – தெளிவாகும்
உத்தரம் – கூரையைத் தாங்கும் பெரிய மரச்சட்டம்
உய்த்துணர்தல் – வெளிப்படையாகச் சொல்லாததை ஊகித்து அறிதல்
பாவலன் – கவிஞன்
வெண்பா – தமிழ்ப் பாவகைகளுள் ஒன்று
கவின் – அழகு

பயிற்சி

1. மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக அமைந்தால் என்ன நேரும்? காரணத்துடன் எழுதுக.

2. வெண்பாவுக்கும் கவினுக்கும் சமையலேட்டைப் படிப்பதில் இருந்த தடைகள் எவ்வாறு வேறுபட்டன?

3. படி, ஆறு, கால், திங்கள் – இச்சொற்கள் ஒவ்வொன்றும் தரும் இரு பொருள்களை எழுதி, இவற்றுள் எவற்றைப் படத்தில் வரைந்து மறைக்க இயலும் என்று கூறுக.

4. விரும்பி ஆடிய ஆட்டம் ஒன்றைப் பற்றி ஐந்து வரிகளில் கருத்து எழுதுக. 'நன்று', 'அருமை' என்னும் சொற்களைப் பயன்படுத்தாமல் எழுதுக.

5. வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, ஓர் உணவின் செய்முறையைத் தமிழில் எழுதுக. அதில் ஒரு வரியை மட்டும் மையிட்டு மறைத்து, வகுப்புத் தோழரிடம் கொடுத்து அவ்வரியைக் கண்டறியச் சொல்லுக.