கொத்தனார் கையை நம்பிய மனிதர்

அரியலூர் மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சிமெண்டைத் தாண்டி யோசனை போவது அரிது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலையுமாக இருக்கிற மண் இது. மீன்சுருட்டியில் நான் வீடு கட்டியபோது, சிமெண்டை எங்கெல்லாம் குறைக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, தொண்ணூறு வயதில் திருவனந்தபுரத்தில் காலமானவர். நேரில் பார்த்ததில்லை. அவர் கட்டிய கட்டடங்களைப் பார்த்தும், கட்டுமானச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தன் கையாலேயே படம் போட்டு எழுதிய சிறு நூல்களைப் படித்தும் கற்றுக்கொண்டேன்.

1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். போர்க்காலத்தில் சீனாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னது அவர் மனதில் ஊன்றிவிட்டது. 1945-இல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்ட இந்தியா வந்தார். பிறகு இங்கேயே வாழ்ந்து இங்கேயே மறைந்தார்.

நமக்குப் பக்கத்தில் கிடைப்பது செங்கல். பக்கத்து மாளிகைமேட்டில் தோண்டி எடுத்திருக்கும் சோழர் அரண்மனை அடித்தளமும் செங்கல்தான். செங்கல்லைப் பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டில் கட்டச் சொன்னேன். கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்த வேண்டும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் மூன்று அங்குல இடைவெளி. இரண்டையும் பிடிக்கக் குறுக்கே ஒரு கல். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் கால்வாசிச் செங்கல் மிச்சம், கலவையும் குறையும். உள்ளே நிற்கும் காற்று சித்திரை வெயிலை எளிதில் உள்ளே விடாது.

எங்கள் கொத்தனார் ஒப்பவில்லை. “சுவத்துக்குள்ள பொந்து விட்டா பாம்பு குடிவந்துடும் தம்பி” என்றார். “அடி வரிசையும் மேல் வரிசையும் கெட்டியா கட்டிடலாம்ணே, பொந்துக்கு வாயே இருக்காது” என்றேன். யோசித்தார். மறுநாள் வந்து, மூலைகளிலும் கதவு ஓரங்களிலும் கெட்டியாகவே கட்ட வேண்டும் என்று அவராகவே சொன்னார். பேக்கரின் முறையும் அதுதான்.

இப்படிக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கல்லைப் பாருங்கள். அளவு சீராக, விளிம்பு உடையாமல் இருக்கிற சேம்பர் கல் வேண்டும். கோணல் கல்லில் கட்டினால் கடைசியில் பூச்சு பூசித்தான் மறைக்க வேண்டிவரும், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். சுவர் எழும்பும் முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து சுவிட்ச் போர்டு வரும் இடங்களைக் குறித்துவிடுங்கள். பைப்பை இடைவெளிக்குள்ளேயே இறக்கலாம், பிறகு சுவரைக் கொத்த வேண்டாம். பரண், கனமான அலமாரி வரும் இடத்தில் கெட்டிக்கட்டு போடச் சொல்லுங்கள்.

கூரையிலும் பேக்கரின் யுக்திதான். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில், கம்பிகளுக்கு இடையே, பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தோம். அந்த இடத்தில் கான்கிரீட் சும்மா பாரமாகத்தான் தொங்குகிறது, ஓடு அதை நிரப்பிக்கொள்ளும். ஓட்டை நன்றாக ஊறவைத்த பிறகே அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட்டின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். கம்பிக் கணக்கை மட்டும் பொறியாளரிடம் போட்டு வாங்குங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். ஜன்னல்களில் சிலவற்றை விட்டுவிட்டுச் செங்கல்லாலேயே துளைச்சுவர் வைத்தோம். காற்று தாராளமாக வரும். கொசுவும் வரும் என்பதால் உள்பக்கம் வலை அடிப்பது நல்லது.

இத்தனையும் வெறும் சிக்கனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் காசை வீணாக்கக் கூசிய மனசு அது. குறுக்கே மரம் நின்றால் வெட்டச் சொல்லாமல் சுவரை வளைத்தார் பேக்கர். இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களுக்கு மறுவாழ்வு கொடுத்தார். வேலை நடக்கும் இடத்திலேயே நின்று, கிடைத்த காகிதத்தில் வரைந்து காட்டினார். செங்கல்லைப் பூச்சு பூசி மூடாமல் விட்டதில் கொத்தனாருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பூச்சுக்குள் போய்விட்டால் யார் கட்டிய சுவரும் ஒன்றுதான். வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வரிசையும் அவர் பேர் சொல்லும். அதனாலேயே எங்கள் கொத்தனார் தூக்குக்குண்டை வழக்கத்தைவிட அதிக தடவை தொங்கவிட்டுப் பார்த்தார். பாயிண்டிங் வேலையைச் சித்தாளிடம் விடவில்லை.

பேக்கர் பாணியில் கட்ட ஆசைப்படுகிறவர்கள் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுசைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சுருளாக ஏறிக்கொண்டே போகும் செங்கல் கட்டடம், மேசையும் இருக்கையும் அதோடு சேர்த்தே கட்டியவை. தனியாகப் போகாமல் உங்கள் கொத்தனாரையும் கூட்டிப்போங்கள். பயணச் செலவும் அன்றைய கூலியும் உங்களுடையதாக இருக்கட்டும்.