வெல்ல ஆலையில் வடமாநிலத் தொழிலாளர்களோடு பழக…

ஜேடர்பாளையம் வட்டாரத்து வெல்ல ஆலைகளில் வடமாநிலத்தவர் பலர் உழைக்கிறார்கள். ஊர்ப்பழக்கம் வேறானால் பேச்சும் வேறாகும், கவனிக்க:

* பெயர் சொல்லி அழையுங்கள். மூத்தவரை இந்தியில் 'பையா' (அண்ணா) என்றால் மகிழ்வார்கள். 'தூ' (நீ) மரியாதைக் குறைவு. 'ஆப்' என்பதே நம் 'நீங்க'.

* புரியாவிட்டாலும் பணிவால் சிலர் தலையாட்டுவார்கள். வேலையை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

* கூலி, முன்பணக் கணக்கில் 'பார்த்துக்கலாம்' வேண்டாம். தொகையை எழுதிக் கொடுங்கள்.

* பீகாரிகளுக்கு தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. ஒடியர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. விடுப்பை முன்பே பேசிவிடுங்கள்.

* 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. சரிபார்க்காத எதையும் பகிராதீர்கள், ஆபத்தென்றால் 112-ஐ அழையுங்கள்.