சான்றின் இலக்கணம்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அத்தொழிலில் எளிய சோதனை ஒன்று உண்டு. குரோம் உப்பில் ஊறிய தோலிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டுவர்; காகிதத்தின்மீது வைத்து அதன் ஓரங்களை வரைந்துகொள்வர்; பின்னர்க் கொதிநீரில் இட்டெடுத்து, அக்கோட்டின்மேல் மீண்டும் வைத்துப் பார்ப்பர். துண்டு சுருங்காதிருப்பின் தோல் நன்கு பதப்பட்டதாகும்; சுருங்கின் பதம் போதாது. அனுபவம் மிக்க முதியவர் செய்யினும், நேற்றுச் சேர்ந்த இளைஞன் செய்யினும் முடிவு ஒன்றே. சான்று என்பதன் இலக்கணம் இதுவே.

அணுவியல் துறையிலும் இவ்விலக்கணம் பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. 1989 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிளெய்ஷ்மன், பான்ஸ் என்னும் வேதியியல் அறிஞர் இருவர் வியத்தகு செய்தியொன்றை வெளியிட்டனர். கதிரவனின் நடுவே ஒன்றரைக் கோடி பாகை வெப்பத்தில் நிகழும் அணுக்கருச் சேர்க்கை, கனநீர்க் கலத்தில் அமைத்த பல்லேடிய உலோகத்துள் அறை வெப்பநிலையிலேயே நிகழ்கிறது என்றனர். செலுத்திய மின்னாற்றலினும் மிகுந்த வெப்பம் வெளிப்பட்டது என்பதே அவர்கள் காட்டிய சான்று. அது மெய்யாயின், விறகும் நிலக்கரியும் இன்றியே கொதிகலன்கள் இயங்கக்கூடும்!

இந்தியாவும் வாளா இருக்கவில்லை. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில், அப்போதைய இயக்குநர் பி. கே. ஐயங்காரின் ஊக்கத்தால், பல குழுவினர் அவ்வாண்டே ஆய்வில் இறங்கினர். நியூட்ரான்களும் டிரிட்டியமும் தோன்றியதாகப் பதிவு செய்தனர். ஆயினும் பிற நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் பல, அவ்வாய்வைச் செய்தும் ஏதும் காணவில்லை. கூறப்பட்ட வெப்பத்திற்கு ஏற்ற அளவில் நியூட்ரான்களும் வெளிப்படவில்லை.

2011 சனவரியில் இத்தாலியின் பொலோனா நகரில், ரோசி என்பவர் நிக்கலும் ஹைட்ரஜனும் கொண்ட வெப்பக் கருவியொன்றை இயக்கிக் காட்டினார். நீரை ஆவியாக்கியதே சான்று என்றார். ஒரு கிராம் கொதிநீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆவியாகாத திவலைகளுக்கு அது வேண்டா. இரண்டும் கலந்து வெளிவரின், அனைத்தையும் ஆவியெனக் கொள்ளும் கணக்கு வெப்பத்தை மிகைப்படுத்தும். இதனையே எதிர்வாதிகள் சுட்டினர். அடுத்த மாதமே இத்துறையின் பன்னாட்டு மாநாடு சென்னையில் கூடியது. எனினும் ஐயம் தீரவில்லை. கூகுள் நிறுவனத்தின் பொருளுதவியுடன் ஏறத்தாழ 30 ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் முயன்றும், இத்தகைய சேர்க்கைக்குச் சான்று கிட்டவில்லை என 2019இல் அறிவித்தனர்.

புதியதை ஆராய்ந்தோரை இகழ்தல் அறிவுடைமையன்று. ஆராயாமல் நம்புதலும் அறிவுடைமையன்று. விருப்பம் எத்துணைப் பெரிதாயினும் அது சான்றாகாது. ஒருவர் கண்டதைப் பிறரும் அளந்து காணும்போதே அது உண்மையென நிலைபெறும்.